விக் அட்டை இருந்தும் ஃபார்முலா டின் கிடைக்கவில்லை: அமெரிக்காவில் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

மழைக்கிளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருக்கிறார். நான் அவரைச் சார்ந்த விசாவில் இருப்பதால் வேலைக்குச் செல்ல முடியாது. எங்கள் மகளுக்கு மூன்று மாதம் முடிந்திருக்கிறது. தாய்ப்பால் போதாமல் தொடக்கத்திலிருந்தே ஃபார்முலாவும் (கைக்குழந்தைக்கான மாற்றுப்பால்) சேர்த்துக் கொடுத்து வந்தோம். இப்போது முழுவதுமே ஃபார்முலாதான். குழந்தை மருத்துவர் சொன்னதன் பேரில், குறைந்த வருமானமுள்ள தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துணவு தரும் அமெரிக்க அரசின் விக் (WIC) திட்டத்தில் பதிவு செய்தோம், அட்டையும் வந்துவிட்டது.

கடைக்குப் போனால் அலமாரி நிறைய டின்கள் இருக்கின்றன. ஆனால் எங்கள் அட்டை ஏற்கும் அந்த ஒரு வகை டின் வைக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. பக்கத்தில் இருந்த, அதே நிறுவனத்தின் பெரிய டின்னை எடுத்துச் சென்றபோது கல்லாவில் அட்டை அதை ஏற்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, டின்னைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். மாதம் முடிய அதிக நாள் இல்லை. மாதம் முடிந்துவிட்டால், வாங்காமல் மீதமுள்ள அளவு போய்விடும் என்கிறார்கள். ஊரிலிருந்து பேசும் மாமியார், இருக்கும் டின்னில் ஒரு கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்கச் சொல்கிறார். அத்துடன், அரசு உதவி வாங்குவதால் பிற்காலத்தில் பச்சை அட்டைக்கு (இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு) இடைஞ்சல் வரும் என்று இங்குள்ள ஒரு குடும்பம் பயமுறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருபிள்ளைத்தாய் எழுதியது:

தங்கச்சி, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். கல்லாவில் டின்னைத் திருப்பிக் கொடுத்த அனுபவம் விக் அட்டை வைத்திருக்கும் ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களுக்கும் உண்டு. நான் டெக்சாஸில் இரண்டு பிள்ளைகளையும் இந்த அட்டையின் துணையோடுதான் வளர்த்தேன்.

அட்டையில் ஃபார்முலாவுக்காக ஏற்றப்படுவது இத்தனை டாலர் என்ற தொகையாக இருப்பதில்லை. இன்ன நிறுவனத்தின், இன்ன வகை, இன்ன எடையுள்ள டின் இத்தனை என்றுதான் இருக்கும். எடுத்துக்காட்டாக, உங்களுக்கு எழுதியிருப்பது 12.4 அவுன்ஸ் பவுடர் டின் என்றால், அதே பெயருள்ள 20 அவுன்ஸுக்கு மேற்பட்ட பெரிய டப்பாவைக் கல்லா ஏற்காது. அதே பெயரில் வரும் திரவ ஃபார்முலாவையும் ஏற்காது. ‘சென்சிடிவ்’ போன்ற ஒரு சொல் பெயரோடு கூடுதலாக ஒட்டியிருந்தால் அது வேறு பொருளாகிவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான ‘டாட்லர்’ பால்பவுடரை, கைக்குழந்தை ஃபார்முலாவுக்குப் பக்கத்திலேயே, அதே சாயலுள்ள டின்னில் வைத்திருப்பார்கள். விக் அதற்குப் பணம் தராது என்பது ஒருபுறம் இருக்க, மூன்று மாதக் குழந்தைக்கு அது ஆகவும் ஆகாது. ஆகவே டின்னின் முகப்பில் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கீழே சிறிய எழுத்தில் உள்ள எடையையும் வயதையும் படித்துவிட்டு எடுங்கள்.

பல மாநிலங்களில் ‘விக்ஷாப்பர்’ என்ற கைப்பேசிச் செயலி வேலை செய்கிறது. சில மாநிலங்களுக்குத் தனிச் செயலி உண்டு. டின்னின் பட்டைக்கோட்டைக் கைப்பேசியால் படமெடுத்தால், உங்கள் அட்டைக்கு அது பொருந்துமா பொருந்தாதா என்பதை அலமாரிக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளலாம். பிறகு கல்லாவில் தலைகுனிய வேண்டியதில்லை.

டின் இல்லாத கடையை விட்டு உடனே வெளியே வந்துவிடாதீர்கள். திருட்டுக்குப் பயந்து பல கடைகள் ஃபார்முலாவைப் பூட்டிய கண்ணாடிப் பெட்டியிலோ வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் பின்னாலோ வைத்திருக்கின்றன. அங்கேயும் இல்லை என்றால் மேலாளரிடம் அடுத்த லாரி என்றைக்கு வரும் என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். விக் அனுமதி பெற்ற கடைகள், மாநிலம் ஒப்பந்தம் செய்துள்ள நிறுவனத்தின் ஃபார்முலாவைக் குறைந்தபட்ச அளவுக்காவது எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது மாநில அலுவலகம் விதிக்கும் நிபந்தனை. ஒரு கடையில் அடிக்கடி காலியாக இருந்தால், அதை விக் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது புறம் சொல்வதாகாது. உங்களுக்குப் பின்னால் வரும் தாய்க்கும் அது உதவும்.

மாதத்துக்குரிய அளவு அந்த மாதம் முடியும்போது காலாவதியாகிவிடும். அடுத்த மாதத்துக்குச் சேராது. ஆகவே அளவு ஏறிய முதல் சில நாள்களிலேயே பாதியையாவது வாங்கிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்து மாநிலத்தில் டின் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்விடாதீர்கள். அட்டை பொதுவாக அதை வழங்கிய மாநிலத்தின் அனுமதி பெற்ற கடைகளில்தான் செல்லும்.

செவிலித்தாய் எழுதியது:

நான் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் உணவியல் வல்லுநராகப் பணிபுரிகிறேன். மற்ற எதையும் படிப்பதற்கு முன் மழைக்கிளி இதைப் படிக்க வேண்டும்: தயவுசெய்து தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள். உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊரில் ஒரு தலைமுறையே அப்படித்தான் டின்னை இழுத்துப் பிடித்தது. ஆனால் இந்த வயதுக் குழந்தையின் சிறுநீரகம் மிகையான தண்ணீரை வெளியேற்றும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அது இறங்கினால் குழந்தை துவண்டுபோகும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படி நீர்த்த பால் குடித்த குழந்தைகளை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடு சிக்கனம் செய்தவர்கள்தாம்.

வீட்டிலேயே தயாரிக்கும் ஃபார்முலா என்று இணையத்தில் சுற்றும் செய்முறைகளையும் நம்பாதீர்கள். அவற்றைக் கொடுத்ததால் கால்சியம் குறைந்து குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்கையாக வெளியிட்டிருக்கிறது. அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பசும்பால் ஆகிய எதுவும் மூன்று மாதத்தில் வேண்டாம்.

உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தியும் உண்டு. நிறைமாதத்தில் பிறந்து, ஒவ்வாமை எதுவும் இல்லாத குழந்தைக்கு, பசும்பாலை அடிப்படையாகக் கொண்ட ஒரு சாதாரண ஃபார்முலாவிலிருந்து வேறு நிறுவனத்தின் அதே வகை ஃபார்முலாவுக்கு மாற்றுவதில் தவறில்லை. அமெரிக்காவில் சட்டப்படி விற்கப்படும் சாதாரணக் கைக்குழந்தை ஃபார்முலா ஒவ்வொன்றும், கடைகளின் சொந்தப் பெயரில் வரும் மலிவான டின் உட்பட, ஒரே ஊட்டச்சத்து வரையறைக்குள் இருந்தாக வேண்டும். 1970களின் இறுதியில் குளோரைடு மிகக் குறைந்த சோயா ஃபார்முலாவால் குழந்தைகள் பாதிக்கப்பட்ட பிறகு, 1980இல் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். ஆகவே அட்டைக்குரிய டின் வந்து சேரும்வரை இடைவெளியைச் சமாளிக்கக் கைக்காசில் ஒரு டின் வாங்க நேர்ந்தால், விலை குறைந்த கடைப்பெயர் டின்னை அச்சமின்றி வாங்குங்கள். அளவுக் கரண்டியை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு டின்னுக்கும் அதனுள் இருக்கும் கரண்டிதான் கணக்கு.

கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்க வேண்டும். குழந்தை வாய் வைத்த புட்டியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் என்றால் 24 மணி நேரம் தாங்கும். திறந்த டின்னை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

நடைமுறை ஆலோசனைகள் எல்லாம் சரியே. ஆனால் அலமாரி நிறைய டின் இருக்கும்போது ஒரு தாய் ஏன் வெறுங்கையோடு திரும்ப வேண்டும் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லையே. அமெரிக்காவில் விற்பனையாகும் கைக்குழந்தை ஃபார்முலாவில் பாதிக்கு மேல் விக் திட்டத்தின் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு மாநிலமும் தனியாகவோ சில மாநிலங்களுடன் சேர்ந்தோ ஏலம் நடத்தி, ஒரே ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கிறது. அந்த நிறுவனம் விற்கும் ஒவ்வொரு டின்னுக்கும் மாநிலத்துக்குப் பெருந்தொகையைக் கழிவாகத் திருப்பித் தருகிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிச் செலவைக் கட்டுப்படுத்துவதைக் கட்டாயமாக்கியது.

இதன் விளைவு 2022இல் தெரிந்தது. பிப்ரவரி மாதம் மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் நகரிலுள்ள அபாட் நிறுவனத்தின் ஆலையில் தயாரான சிமிலாக் உள்ளிட்ட பவுடர்கள், குரோனோபாக்டர் என்ற நுண்ணுயிர் பற்றிய அச்சத்தால் திரும்பப் பெறப்பட்டன, ஆலையும் மூடப்பட்டது. அப்போது பெரும்பான்மை மாநிலங்களின் ஒப்பந்தம் அந்த ஒரே நிறுவனத்திடம் இருந்தது. ஒரே ஆலை நின்றதற்கு நாடு முழுவதும் ஏழைத் தாய்மார்கள் கடை கடையாக அலைந்தார்கள். இராணுவ விமானத்தில் ஐரோப்பாவிலிருந்து பால்பவுடர் கொண்டுவர வேண்டியதாயிற்று. பணம் உள்ளவர் எந்த டின்னையும் எடுத்துக்கொள்ளலாம், அட்டை உள்ளவர் மட்டும் ஒரு பெயருக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வைகைவாசி எழுதியது:

பொருநைக்கரை ஐயாவின் கோபம் எனக்குப் புரிகிறது. பொதுநலத் துறையில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கழிவாகத் திரும்பி வரும் தொகை ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் அதிகம். விக் என்பது தகுதி உள்ள அனைவருக்கும் சட்டப்படி கட்டாயம் தரப்பட வேண்டிய உதவி அன்று. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகைக்குள்தான் நடத்தியாக வேண்டும். கழிவு இல்லாவிட்டால் அதே ஒதுக்கீட்டில் இலட்சக்கணக்கான தாய்மாரையும் குழந்தைகளையும் காத்திருப்போர் பட்டியலில் நிறுத்த நேரிடும். ஒப்பந்த முறை வருவதற்கு முன் அப்படித்தான் பலர் வெளியே நின்றார்கள்.

2022இல் கற்ற பாடம் வீணாகவும் இல்லை. அந்த ஆண்டு மே மாதமே ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி இனி செய்யப்படும் ஒப்பந்தங்களில், பொருள் திரும்பப் பெறப்படும் நிலை வந்தால் தாய்மார்கள் வேறு நிறுவன டின்னை அட்டையிலேயே வாங்குவதற்கு வழி செய்யும் நிபந்தனை இருக்க வேண்டும். நெருக்கடிக் காலத்தில் விதிகளைத் தளர்த்தும் அதிகாரமும் விக் திட்டத்தை நடத்தும் வேளாண் துறைக்குத் தெளிவாகத் தரப்பட்டது.

பொருநைக்கரை எழுதியது:

நாடு தழுவிய நெருக்கடிக்கு அந்தச் சட்டம் உதவும், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மழைக்கிளி இருப்பது நெருக்கடியில் அன்று. ஒரு சிறிய பல்கலைக்கழக நகரத்தில், ஓர் அலமாரியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு எந்தத் தளர்வும் அறிவிக்கப்படாது. ஒரே நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் எல்லா எடை டின்களையும் அட்டை ஏற்கும்படி செய்தாலே இத்தகைய அலைச்சல் பாதியாகக் குறையும் என்பது என் துணிபு.

வைகைவாசி எழுதியது:

எடை விஷயத்தில் உங்களோடு நானும் உடன்படுகிறேன். ஒரு டின் கலந்தால் எத்தனை அவுன்ஸ் பால் கிடைக்கும் என்பதை வைத்தே மாத அளவு வகுக்கப்படுவதால்தான் இந்தக் கட்டுப்பாடு. முழுக்க ஃபார்முலா குடிக்கும் குழந்தைக்கு நான்கு மாதம் முடியும்வரை, பவுடர் வகையில், கலந்த பாலாக மாதம் 870 திரவ அவுன்ஸ் என்பது கூட்டாட்சி அரசு வகுத்த உச்சவரம்பு. 90 அவுன்ஸ் தரும் சிறிய டின் என்றால் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் வருகிறது. இந்தக் கணக்கு குலையாமல் வேறு எடையைச் சேர்ப்பது மாநில அலுவலகத்தால் செய்யக்கூடியதே. மழைக்கிளி தம் விக் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, பவுடர் கிடைக்கவில்லை, அதே ஃபார்முலாவின் வேறு எடையோ, தண்ணீர் சேர்த்துக் கலக்கும் அடர்த்தியான திரவ வடிவமோ என் அட்டையில் மாற்றி ஏற்றித் தர முடியுமா என்று நேரடியாகக் கேட்கலாம். டின்களை வாங்கி முடித்த பிறகு மாற்றுவது கடினம். வாங்காமல் மீதமிருக்கும் அளவை மாற்றுவது எளிது. ஆகவே மாதம் முடிவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள்.

கொன்றை எழுதியது:

விசா குறித்த அச்சத்துக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லேன். ஆனால் பச்சை அட்டைக்கு விண்ணப்பித்தபோது இதை முழுவதும் படித்துப் பார்த்தேன். அரசுக்குப் பாரமாக இருப்பவர் என்று கருதினால் பச்சை அட்டையை மறுக்கலாம். அப்படிப்பட்டவர் யார் என்பதற்கு மிகக் கடுமையான வரையறை வைத்தது 2019ஆம் ஆண்டு விதி. அந்த விதிகூட விக் திட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் பின் வந்த 2022 விதியும் சேர்க்கவில்லை. விக் திட்டத்தில் சேர அமெரிக்கக் குடியுரிமை தேவை என்ற நிபந்தனையும் இல்லை. பெற்றோரின் அடையாளம், அந்த மாநிலத்தில் வசிப்பதற்கான சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைத்தான் கேட்கிறார்கள். விண்ணப்பம் கொடுக்கும் காலத்தில் விதி மாறியிருக்கிறதா என்பதை மட்டும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வருமான வரம்பு வறுமைக்கோட்டின் 185 விழுக்காடு. 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டுக்கு மூவர் கொண்ட குடும்பத்துக்கு இது ஏறத்தாழ 49,300 டாலர், நால்வருக்கு ஏறத்தாழ 59,500 டாலர். கருவுற்ற தாய் என்றால் வயிற்றிலுள்ள குழந்தையையும் ஓர் ஆளாகக் கணக்கிடுவார்கள். உதவித்தொகையில் குடும்பம் நடத்தும் ஆய்வு மாணவர்கள் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். ஆனால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தால் பதிவே செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். நம் ஊரில் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கிய தாய்மார் யாரும் அதற்காக வெட்கப்பட்டதில்லை. இங்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம் என்று எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

ஒருமகன்தந்தை எழுதியது:

சிறப்பு ஃபார்முலா தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோருக்காக இதைச் சேர்க்கிறேன். எங்கள் மகனுக்குப் பசும்பால் புரத ஒவ்வாமை. மலத்தில் இரத்தம் வந்ததைப் பார்த்து மருத்துவர் அந்த ஒவ்வாமைக்கான நியூட்ராமிஜென் என்ற ஃபார்முலாவைக் கொடுக்கச் சொன்னார். இத்தகைய டின்களை விக் தரும். ஆனால் மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் இல்லாமல் தராது. அந்தப் படிவத்தில் நோயின் பெயர், ஃபார்முலாவின் முழுப்பெயர், நாளொன்றுக்கு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்ற நான்கும் இருக்க வேண்டும். நாங்கள் சென்ற மருத்துவமனையில் எத்தனை மாதம் என்ற கட்டத்தை நிரப்பாமலேயே அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வெற்றுக் கட்டத்துக்காகப் படிவம் திரும்பிப் போய் வரும்வரை கையிலிருந்து செலவு செய்தோம், அந்த டின்னின் விலையோ சாதாரண டின்னைவிட மிக அதிகம். ஆகவே படிவத்தை மருத்துவரின் அறையிலேயே ஒருமுறை வரி வரியாகப் படித்துவிட்டு வெளியே வாருங்கள். சாதாரணக் கடைகளில் இவை கிடைப்பது அரிது. மருந்துக் கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். குழந்தைக்கு மெடிகெய்டு (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருந்தால் சில மாநிலங்களில் அதன் வழியாகவே கிடைக்கும்.

இருபிள்ளைத்தாய் எழுதியது:

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முகநூல் குழுக்களில் விக் டின் மலிவு விலைக்கு என்று விளம்பரம் வரும். விக் வழியாகப் பெற்ற டின்னை விற்பது சட்டப்படி குற்றம். வாங்குபவருக்கோ அது எங்கே, எந்த வெயிலில் கிடந்தது என்பது தெரியாது. டின்னின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் சுரண்டப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். திரும்பப் பெறும் அறிவிப்பு வரும்போது அந்த எண்ணை வைத்துத்தான் சரிபார்க்க முடியும். உடனடி உதவி தேவையென்றால் 211 என்ற எண்ணை அழையுங்கள். பக்கத்தில் எந்த உணவு வங்கியில் ஃபார்முலா இருக்கிறது என்று சொல்வார்கள். குழந்தை மருத்துவரின் அலுவலகத்திலும் மாதிரி டின்கள் இருக்கக்கூடும், கேட்கத் தயங்காதீர்கள்.

மழைக்கிளி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விக் அலுவலகத்தை அழைத்தேன். வைகைவாசி ஐயா சொன்னபடி, வாங்காமல் இருந்த அளவில் ஒரு பகுதியை அதே ஃபார்முலாவின் அடர்த்தித் திரவ டின்னாக மாற்றித் தந்தார்கள். அது பக்கத்துக் கடையிலேயே கிடைத்தது. மீதிக்கு, லாரி வரும் நாளைக் கேட்டுவைத்திருந்த கடையில் காலையிலேயே போய்ப் பவுடர் டின்னை எடுத்துவிட்டேன். செயலியில் படமெடுத்துப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் போனதால் எல்லாம் ஒரே முறையில் முடிந்தது. செவிலித்தாய் அக்கா எழுதியதை மாமியாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேத்திக்கு ஒரு கரண்டிகூடக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஓர் ஐயம். மகளுக்கு நான்கு மாதம் முடிந்ததும் அளவு கூடுமா? திட உணவு தொடங்கிய பிறகு எப்படி?

செவிலித்தாய் எழுதியது:

கூடும். முழுக்க ஃபார்முலா குடிக்கும் குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்ததிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை பவுடர் வகையில் உச்சவரம்பு 960 அவுன்ஸ். ஆறு மாதம் முடிந்ததும் அது 696 அவுன்ஸாகக் குறையும். அதற்கு ஈடாகக் குழந்தைக்கான தானிய உணவும் மசித்த பழமும் காய்கறியும் அட்டையில் சேரும். குழந்தையின் பசி அந்தத் தேதியில் சட்டென்று குறைந்துவிடாது என்பதால், ஆறு மாதம் முடிந்த புதிதில் பலருக்கு டின் பற்றாமல் போகிறது. அதற்கு முந்தைய மாதத்தில் உங்களுக்குரியதை முழுவதும் வாங்கி, பிரிக்காத டின் ஒன்றிரண்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிறந்தநாளோடு சாதாரண ஃபார்முலா நின்று, அட்டையில் முழுக்கொழுப்புப் பால் வரும்.

வாயுத்தொல்லை, மலச்சிக்கல், பால் கக்குதல் இருந்தால் நீங்களாக வகையை மாற்றாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒப்பந்த நிறுவனத்தின் மென்மையான வகைகளில் ஒன்றிரண்டைப் படிவம் இல்லாமலே தரும் மாநிலங்களும் உண்டு. அடுத்த விக் சந்திப்பில் உங்கள் மாநிலத்தின் பட்டியலைக் கேட்டு வாங்கி, கடைக்குப் போகும் பையிலேயே வைத்துவிடுங்கள்.